இடுப்புக் கிண்ணம் உடைந்தால்

விபத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணம் உடைந்தவர்களின் வீட்டார் முதலில் கேட்பது, "பிளேட் வைத்தால் உடனே நடக்கலாமா?" என்றுதான். முடியாது. பிளேட் என்பது எலும்பில் திருகிப் பொருத்தும் உலோகத் தகடு; அது எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாகக் கூடும்வரை துண்டுகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அதைவிடக் கடினமான வேலை, துண்டுகளைச் சரியாகப் பொருத்துவது. தொடை எலும்பின் உருண்டைத் தலை சுழலும் பரப்பு அந்தக் கிண்ணம்தான். 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் நின்றுவிட்டால் பின்னாளில் மூட்டுத் தேய்வு வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் சிடி ஸ்கேன் எடுத்து, எந்த வகை முறிவு என்று பார்த்து, முன்பக்கமாகத் திறப்பதா பின்பக்கமாகவா என்று முடிவெடுக்கிறார்கள். பின்பக்கம் என்றால், இடுப்பின் பின்புறம் வழியாகக் காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பையும் காக்க வேண்டும்.

சரி, அப்புறம்? பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் அந்தக் காலில் முழு எடை கூடாது. வலி குறைந்ததும் ஊன்றிப் பார்க்க ஆசை வரும். தயவுசெய்து பொறுங்கள், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.