விலகிப் போனவரும் திட்டுகிற நாமும்

மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காக மூன்று பருவங்கள் ஆடிய ஹன்டர் டிக்கின்சன், 2023 மே மாதம் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போவதாக அறிவித்தார். மிச்சிகனில் படித்துவிட்டு இப்போது சாங்கி வர்த்தகப் பூங்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு அந்த ஆற்றாமை இன்றுவரை தீரவில்லை. ஏழடி இரண்டங்குல உயரமுள்ள அந்த ஆட்டக்காரரின் 1ஆம் எண் பொறித்த மஞ்சள் சட்டை அவனுடைய அலமாரியின் அடித்தட்டில் மடித்தபடி கிடக்கிறது; அதை அவன் அணிவதுமில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டம் நமக்குக் காலையில் வருவதால், வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் பார்ப்பான். 2025 மார்ச்சில் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே கன்சாஸ் 79-72 என்று ஆர்கன்சாவிடம் தோற்றபோது, “மாமா, நல்லா வேணும் அவருக்கு” என்று எனக்குச் செய்தி அனுப்பினான்.

அவனை முழுமையாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டிக்கின்சன் ஒரு வலையொலியில் சொன்ன பதிலை அவனிடம் நினைவூட்டாமல் இருக்கவும் முடியவில்லை. என்னைத் திட்டுகிறவர்கள் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கிடைத்தால் தங்கள் வேலையை இன்றே விட்டுவிடுவார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சம்பள உயர்வுக்காக நிறுவனம் மாறுவது மிக இயல்பாகிவிட்ட சிங்கப்பூரில், தானும் அப்படி மாறிய ஒருவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? அது வேறு, இது வேறு என்றான். அவன் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். நாம் வேலையை விடும்போது நம் பெயர் எழுதிய சட்டையை வாங்கி வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை.

விதிமுறைகளும் மிக வேகமாகத் தளர்ந்துவிட்டன. முன்பெல்லாம் பல்கலைக்கழகம் மாறினால் ஒரு பருவம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாற விரும்புவோர் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021இல் ஒரு முறை தடையின்றி மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்டுவதற்கு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இவற்றில் எதையும் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கருதவில்லை. பயிற்றுநர்கள் எக்காலத்திலும் ஒரு பருவம்கூட உட்காராமல் மாறிக்கொண்டுதானே இருந்தார்கள்? டிக்கின்சனை வீழ்த்திய ஆர்கன்சா அணியின் பயிற்றுநர் ஜான் கலிபாரி, அதற்கு முந்திய ஆண்டுதான் கென்டக்கியை விட்டு அங்கே போனவர்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. டிக்கின்சன் போன பிறகு மிச்சிகன் 2023-24 பருவத்தில் 8 ஆட்டங்களில் வென்று 24 ஆட்டங்களில் தோற்றது. பயிற்றுநர் நீக்கப்பட்டு, ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்திலிருந்து டஸ்டி மே வந்தார். அவருடனேயே அங்கிருந்து விளாடிஸ்லாவ் கோல்டின் வந்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து டேனி வுல்ஃப் வந்தார். ஏழடி உயரமுள்ள அந்த இருவரையும் நடுவில் வைத்து ஆடிய மிச்சிகன், அடுத்த பருவத்திலேயே தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்தது. யேலில் படித்தவர்களும் தங்கள் நண்பர்களுக்கு ஆற்றாமையுடன் செய்தி அனுப்பியிருப்பார்கள் அல்லவா என்று கேட்டபோது, என் அக்கா மகன் பேச்சை மாற்றிவிட்டான். பெரிய பல்கலைக்கழகத்தின் ரசிகர் துரோகம் என்று பேசும்போதெல்லாம், அவருடைய அணியில் இன்று ஆடுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

உண்மையில் இழப்பவை சிறிய பல்கலைக்கழகங்கள்தான். நியூயார்க் மாநிலத்தின் அயோனா பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்த வால்டர் கிளேட்டன், பயிற்றுநர் ரிக் பிட்டினோ 2023இல் அங்கிருந்து கிளம்பியதும் தானும் கிளம்பித் தன் சொந்த மாநிலத்தின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2025 இறுதியாட்டம் நமக்கு ஏப்ரல் 8ஆம் தேதி காலையில் வந்தது. ஃபுளோரிடா 65-63 என்று முன்னிலையில் இருந்த கடைசி நொடிகளில், ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்காக எம்பியபோது கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். எறிய வழியில்லாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டார், ஆட்டமும் முடிந்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் கிளேட்டனுக்கே. அந்தக் காட்சியைப் பார்த்த அயோனா ரசிகருக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகவே வந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் என் அப்பாவின் தலைமுறைக்கு இது புதிதல்ல. கால்பந்து ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது 1987 முதல் கோலாலம்பூருக்காகவும் பிறகு பகாங்கிற்காகவும் ஆடி மலேசியக் கிண்ணத்தை வென்றவர். பின்னர் சிங்கப்பூருக்கே திரும்பி, 1994இல் அணித்தலைவராக ஷா ஆலமில் அதே பகாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அவர் நடுவில் போனதை யாரும் குற்றமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லூரி ஆட்டக்காரருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவருக்கு வழக்கமாக இருப்பதே நான்கு பருவங்கள்தான். மூன்றாவது பருவத்தில் போனவர் முதிர்ந்து திரும்பி வருவதற்குக் காலம் மிச்சமிருக்காது. ரசிகரின் கோபம் ஆறாமல் கிடப்பதற்கு, பணத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூச்சல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நாட்காட்டியைப் பார்த்துப் போடலாம். 2025இல் அந்தப் போர்ட்டல் மார்ச் 24ஆம் தேதி திறந்தது. மிச்சிகன் உட்பட 16 அணிகள் இன்னும் தேசியப் போட்டியில் இருந்தன. பயிற்றுநர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் திட்டமிடும் அதே வேளையில், அடுத்த ஆண்டுக்கான ஆட்டக்காரர்களையும் தொலைபேசியில் அழைத்துப் பேசவேண்டியிருந்தது. அந்தத் தேதியைக் குறித்தவர் இருபது வயது ஆட்டக்காரர் எவரும் இல்லை.