பகரத்தின் முதுகில் கொம்பு

எழுத்துருக்களைக் கவனிக்கும் கிறுக்கு ஒரு முறை பிடித்தால் விடாது. எங்கள் பெங்களூரு ஹலசூரு குடியிருப்பில் ஒரு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்பதை ஆங்கிலத்தில், காமிக்ஸ் புத்தகக் கையெழுத்து போன்ற காமிக் சான்ஸ் எழுத்துருவில் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். கடிக்கிற நாய்க்கு இத்தனை கொஞ்சலா? ஆனால் வரலாற்றுப்படி பொருத்தம்தான். மைக்ரோசாஃப்ட் மென்பொருள் ஒன்றில் கார்ட்டூன் நாய், செய்தித்தாள் எழுத்துருவான டைம்ஸ் நியூ ரோமனில் பேசுவதைப் பார்த்துச் சகிக்காமல்தான் வின்சென்ட் கானேர் 1994-இல் அந்த எழுத்துருவை வரைந்தார். மனைவியிடம் இதைச் சொன்னேன். "கடிக்குமா, கடிக்காதா? அதை விசாரியுங்கள்" என்றாள்.

இந்தக் கிறுக்கு ஊரறிந்ததால் பொங்கல் விழா பேனர் என் தலையில் விழுந்தது. கடைத் திரையில் பார்த்தால், 'பொங்கல்' என்பதில் ப முதலில் நிற்கிறது, கொம்பு அதன் முதுகில் ஏறியிருக்கிறது, பிறகு கால். 'அனைவரும் வருக', 'அனவைரும்' ஆகிவிட்டது. கணினிக்குள் பகரத்துக்குப் பின்னால்தான் கொம்பு பதிவாகும். திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. இந்த மென்பொருள் அந்த வேலையைச் செய்யவில்லை.

கடைத் தம்பி சரளமாகத் தமிழ் பேசுகிறார், ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாது. "நீங்கள் அனுப்பியதே இப்படித்தான் சார்" என்று சாதித்தார். உடன் வந்த செயலாளர் மாமாவோ, "யார் சார் படிக்கப் போகிறார்கள்? கரும்பைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்" என்றார்.

நான் அசையவில்லை. கடைசியில் தம்பியே வழி கண்டுபிடித்தார். எழுத்தையெல்லாம் படமாக மாற்றி, ஒவ்வொரு கொம்பையும் மவுஸால் பிடித்து இழுத்து முன்னால் நட்டார். "இதுவா சார்? இன்னும் கொஞ்சம் இடதுபக்கமா?" கொலு பொம்மை அடுக்குகிற கவனம். எழுத்து மட்டும் குண்டுகுண்டாக, மஞ்சளில், சிரிப்பது போல இருந்தது. பொங்கலுக்குத்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேனர் தொங்கியது. மாமா கரும்பைப் பாராட்டினார்.

மறு வாரம் சந்தைப் பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதே குண்டு எழுத்து, அதே மஞ்சள். 'சோகத்தில் வாடும் பேரன், பேத்திகள்' என்பதில் ஒரு கொம்புகூட இடம் மாறவில்லை. நான் நின்று ரசிப்பதைப் பார்த்துவிட்டு மனைவியும் படத்திலிருந்த பெரியவரை அண்ணாந்து பார்த்தாள்.

"பாவம், ரொம்பச் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்திருப்பார் போலிருக்கிறது."