பக்கத்து வீட்டுப் பாட்டியின் டிரெஸ்ஸிங்: ஐந்து வாரக் கணக்கு

அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் தெருவில், எங்கள் இடப்பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். நேரில் 'மேம்' என்றுதான் கூப்பிடுவேன். ஜார்ஜியாவில் பெரியவர்களிடம் அப்படித்தான் பேசுவார்கள். இங்கே பாட்டி என்றே எழுதிக்கொள்கிறேன். ஆறு வருடமாகத் தேங்க்ஸ்கிவிங் அன்று, அதாவது நவம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நாளன்று, எங்களுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. 2024 அக்டோபரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையைக் காட்டி, "நீ செய், நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன்" என்றார். பதினோரு பேர் சாப்பாடு. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

நம் ஆட்கள் வீடுகளில் இந்த நாளுக்குத் தந்தூரி வான்கோழி, வான்கோழி பிரியாணி என்று அமர்க்களப்படுத்துவார்கள். நானும் செய்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை மிளகாய்த்தூள் டப்பாவையே திறப்பதில்லை என்று முடிவு. அவர்கள் வீட்டுச் சாப்பாடு அவர்கள் வீட்டு ருசியிலேயே வரவேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

முதலில் மக்காச்சோள ரொட்டி. வடக்கே வான்கோழியின் வயிற்றுக்குள் ரொட்டித் துண்டுகளை அடைத்து வேகவைப்பதை ஸ்டஃபிங் என்பார்கள். இந்தத் தெற்குப் பக்கத்தில் அதைத் தனித் தட்டில், சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுச் செய்கிறார்கள். பெயர் டிரெஸ்ஸிங். பாட்டி வீட்டில் வான்கோழி இல்லாமல்கூடத் தேங்க்ஸ்கிவிங் நடந்துவிடும், டிரெஸ்ஸிங் இல்லாமல் நடக்காது. அதனால் அடித்தளத்திலிருந்து தொடங்கினேன்.

வெள்ளை மக்காச்சோள மாவு 2 கப், முட்டை 2, மோர் ஒன்றே முக்கால் கப், எண்ணெய் கால் கப். சர்க்கரை கூடாது. "சர்க்கரை போட்டால் அது கேக்" என்று பாட்டி இரண்டு தடவை சொன்னார். சர்க்கரை போடவில்லை. ஆனால் மாவு பொங்கி வரட்டுமே என்று இரண்டு ஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்தேன். நடுவில் எரிமலைபோல வெடித்து, கடித்தால் ஒரே கசப்பு. பையைத் திருப்பிப் பார்த்தால் 'செல்ஃப் ரைசிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பேக்கிங் பவுடரும் உப்பும் மாவிலேயே இருந்திருக்கின்றன. மோரும் தப்பு. வீட்டுத் தயிரைக் கடைந்து ஊற்றினேன், நீர்மோர் பதம். இங்கே மோர் என்று அட்டைப்பெட்டியில் விற்பது நம் கெட்டித் தயிரைக் கரண்டியால் அடித்த மாதிரி இருக்கும்.

மொத்தமும் குப்பைக்கு.

நவம்பர் 3, ஞாயிறு

இந்த முறை பாட்டியின் வார்ப்பிரும்புச் சட்டியையே வாங்கி வந்தேன். பத்து அங்குலம், அவருடைய அம்மா காலத்துச் சட்டி, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்கு அக்கா என்று சொல்லலாம். சோப்புப் போட்டுத் தேய்க்காதே, ஊறவைக்காதே என்று அம்மா கல்லுக்குச் சொன்ன அதே விதிகளைப் பாட்டி சட்டிக்குச் சொன்னார். எண்ணெய் ஊற்றி 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வெறுஞ்சட்டியாகக் காயவைத்து, அப்புறம்தான் மாவு. ஊற்றும்போது 'சொய்ங்' என்று சத்தம் வரவேண்டும், வந்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் அடியும் ஓரமும் மொறுமொறுவென்று கழன்று வந்தது. மகள் கால்வாசியை அப்படியே வெண்ணெய் தடவித் தின்றுவிட்டாள்.

மீதியை உதிர்த்து ஒரு தட்டில் பரப்பி இரண்டு நாள் காயவிட்டேன். செவ்வாய் இரவு டிரெஸ்ஸிங். வெங்காயம், செலரித் தண்டு இரண்டையும் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, மிளகுத்தூள், காய்ந்த சேஜ் இலை, கோழிச்சாறு, முட்டை சேர்த்துப் பிசைந்து தட்டில் ஊற்றி 350 டிகிரியில் முக்கால் மணி நேரம். உப்புமாப் பதத்தில் பிசைந்து உள்ளே வைத்தேன். வெளியே வந்தது வறட்டு உப்புமா. பாட்டி ஒரு வாய் எடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டார். தண்ணீரைக் குடித்து முடித்தபின் "சாறு போதவில்லை" என்றார். தட்டைச் சாய்த்தால் கலவை தானாக நகர வேண்டுமாம். அதாவது இட்லி மாவைவிடத் தளர்வு. அவ்வளவு ஈரமா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

சேஜ் பற்றி ஒரு வார்த்தை. கற்பூரவல்லியைக் காயவைத்துக் கூடவே பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசம். கொஞ்சம் கூடினால் மருந்து, குறைந்தால் வெறும் ரொட்டிக் கூழ். இந்த விருந்து முழுவதற்கும் வாசனை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நவம்பர் 10, ஞாயிறு

பீன்ஸ் கேசரோல், அதாவது எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்து ஓவனில் வேகவைப்பது. இதில்தான் எனக்குப் பாடம்.

பாட்டி ஒரு தகரப்பெட்டியிலிருந்து பழுத்துப்போன அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் அம்மாவின் கையெழுத்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. மரியாதையோடு வாங்கி வந்து படித்தால்: காளான் சூப் ஒரு டின், பால் முக்கால் கப், சோயா சாஸ் ஒரு ஸ்பூன், மிளகு, வெந்த பீன்ஸ் 4 கப், மேலே பொரித்த வெங்காயம். அலமாரியில் இருந்த கேம்ப்பெல் சூப் டின்னைத் திருப்பினேன். அதே அளவு, அதே வரிசை!

குடும்ப ரகசியம் என்று நான் நினைத்தது உண்மையில் சூப் கம்பெனியின் சமையல் குறிப்பு. 1955இல் நியூஜெர்சி கேம்டனில் கேம்ப்பெல் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டோர்கஸ் ரைலி என்ற பெண்மணியும் அவர் குழுவும் உருவாக்கியது. அன்றைக்கு எந்த அமெரிக்க வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடிய பீன்ஸையும் காளான் சூப்பையும் வைத்துச் சட்டென்று ஒன்று செய்ய வேண்டும் என்பதுதான் கணக்கு. அவர் எழுதிய மூல அட்டை 2002இல் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

டின் சமாச்சாரம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு திமிர் வந்தது. நல்ல காளான் அரைக் கிலோ, பசும் பீன்ஸ், கிரீம், சின்ன வெங்காயத்தை நானே பொன்னிறமாகப் பொரித்து, இரண்டரை மணி நேரம் நின்று 'ஒழுங்காக' செய்தேன். உண்மையிலேயே பிரமாதம். மனைவியே இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். சுடச்சுடப் பாட்டியிடம் கொண்டுபோனேன். மெதுவாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் இது அது இல்லை" என்றார்.

திரும்பி வரும்போது யோசித்தேன். என் அம்மா செய்யும் ரசத்தில் கடைப் பொடிதான். சுத்தமாக வறுத்து அரைத்த பொடியில் வேறு யாராவது ரசம் வைத்துக் கொடுத்து, இதுதான் உசத்தி என்றால் நான் என்ன சொல்வேன்? நானும் இதையேதான் சொல்வேன். சாயங்காலமே டின் வாங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

டிரெஸ்ஸிங் இரண்டாம் முயற்சி, சாறு கிட்டத்தட்ட இரு மடங்கு. உள்ளே வைக்கும்போது குழம்பு மாதிரி தளும்பியது. வெளியே வந்தபோது மேல் மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. பாட்டி "சேஜ் இன்னும்" என்றார். இவ்வளவுதான் சொன்னார் என்பதே பெரிய விஷயம்.

என் மனைவி சைவம். அதனால் காய்கறிச் சாற்றில் தனியாக ஒரு சின்னத் தட்டு. ருசியில் ஒரு படி கீழேதான். சாறு கொதிக்கும்போது காளான் காம்புகளைப் போட்டதும் கொஞ்சம் தேறியது.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு கேசரோலிலும் அதே சிக்கல் வேறு உருவில். கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெய், பட்டைத்தூள் சேர்த்து, மேலே மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மிட்டாய்த் துண்டுகளை அடுக்கி வாட்டுவார்கள். இனிப்பின் மேல் இனிப்பு. இதற்கும் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது: 1917இல் ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ கம்பெனிக்காக ஜேனட் மெக்கன்சி ஹில் என்பவர் எழுதிக் கொடுத்த சமையல் கையேட்டில் இந்தச் சேர்க்கை வந்தது. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அதாவது விலங்கின் தோலும் எலும்பும். மனைவிக்கு ஆகாது. நல்லவேளையாக ஜார்ஜியா பீக்கன் கொட்டைக்குப் பேர்போன ஊர். கொட்டையை நறுக்கி, பழுப்புச் சர்க்கரை, மைதா, வெண்ணெயோடு பிசறித் தூவி ஒரு தட்டு, மார்ஷ்மெல்லோவோடு ஒரு தட்டு. என் ஓட்டு பீக்கனுக்கு. பேரப்பிள்ளைகளின் ஓட்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பூசணி பை (மாவு ஓட்டுக்குள் இனிப்பை நிரப்பிச் சுடும் pie) கிடையாதா என்று கேட்டேன். "அது வடக்கத்திக்காரர்கள் சமாச்சாரம்" என்றார். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் லிங்கன் இந்த நாளைத் தேசிய விடுமுறையாக அறிவித்தார். அதற்காகப் பல வருடம் எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேலும் வடக்கே நியூ ஹாம்ப்ஷயர்க்காரர். தெற்கில் பலருக்கு அது அப்போது யாங்கி, அதாவது வடக்கத்திப் பண்டிகையாகத்தான் பட்டது. அந்தப் புகைச்சல் எப்போதோ அடங்கிவிட்டது, ஆனால் பாட்டி வீட்டு மேசையில் இன்றும் சர்க்கரைவள்ளிப் பைதான். முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படுவது, ஆங்கிலேயக் குடியேறிகள் 1621இல் பிளிமத்தில் நடத்திய விருந்து; மகளின் பள்ளிப் படத்தில் அந்த விருந்தில் பை இருக்கிறது. அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதத்தில் இருப்பதோ வேட்டையாடிய பறவைகளும், பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும்தான். பை செய்யக் குடியேறிகளிடம் கோதுமை மாவுக்கும் வெண்ணெய்க்கும் வழியில்லை. பை வேலையைப் பாட்டியின் மருமகள் எடுத்துக்கொண்டார், நான் தப்பித்தேன்.

நவம்பர் 25 முதல் 28 வரை

வான்கோழி 14 பவுண்டு, கல்லாக உறைந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கினால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. நான் திங்கள் இரவு வைத்தேன். புதன் சாயங்காலம் உள்ளே கையை விட்டால் கழுத்துத் துண்டு பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, இரவு ஒன்பதரைக்குத்தான் விட்டுக்கொடுத்தது. செவ்வாயே உப்புத் தடவி ஊறவைக்கும் திட்டம் ஒரே இரவாகச் சுருங்கியது.

உறையைப் பிரித்து மஞ்சள்தூள் போட்டுக் கழுவப் போனேன். கை பழக்கம். துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த பாட்டி, "ஐயையோ, கழுவாதே" என்று எழுந்தே விட்டார். தொட்டியைச் சுற்றித் தண்ணீர் தெறித்துக் கிருமி பரவும், வேகும் சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்பது இந்நாட்டு வேளாண் துறையும் சொல்வதுதான். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து உப்புத் தடவினேன். மனசு மட்டும் கொஞ்ச நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழன் காலை எட்டரைக்கு 325 டிகிரியில் உள்ளே. மூன்று மணி நேரம் கழித்துத் தொடையில் வெப்பமானி 151. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன், அதனாலேயே தாமதம். 12.20க்கு 165 தொட்டது. அரை மணி நேரம் அப்படியே ஆறவிட்டு அறுத்தபோது மார்புக்கறி ஓரத்தில் கொஞ்சம் வறண்டிருந்தது. கிரேவி காப்பாற்றியது. தட்டில் வடிந்த கொழுப்பில் மைதாவை வறுத்து, கழுத்தும் ஈரலும் வேகவைத்த சாற்றை ஊற்றி, பொடியாக நறுக்கிய அவித்த முட்டை போட்டது. கட்டி தட்டியதை வடிகட்டியதை யாரிடமும் சொல்லவில்லை.

கிரான்பெர்ரிப் பழ ஜெல்லி டின்னின் அடியில் கத்தியால் ஒரு துளை போட்டதும், டின்னின் வரிகள் அப்படியே பதிந்த சிவப்புக் குழாயாக வழுக்கி வந்து தட்டில் நின்றது. காலையில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் நான் காய்ச்சிய பழ சாஸ் பக்கத்திலேயே இருந்தது. காலியானது குழாய்தான்.

பாட்டியின் பெரிய மகன் பீன்ஸை வாயில் போட்டுவிட்டு, "அம்மா, இந்தக் கையோடு எப்படிச் செய்தாய்?" என்று கேட்டார். பாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. "டிரெஸ்ஸிங்கைச் சாப்பிட்டுப் பார்" என்றார்.

அவர் சாப்பிட்டார். கொஞ்சம் யோசித்து, "சேஜ் கம்மி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அடுத்த முறைக்கு: வான்கோழியைச் சனிக்கிழமையே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். ஓவனை மூன்று தடவைக்கு மேல் திறக்கக் கூடாது. சேஜ் இன்னும் அரை ஸ்பூன்.