பெட்டியில் எழுதிய வாட்டும் கூடத்தில் கேட்கும் ஒலியும்

தரையில் நிற்கும் உயரமான புதிய ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து இணைத்த முதல் வாரத்திலேயே, ஒரு படத்தின் சண்டைக் காட்சி உச்சத்தை எட்டிய நொடியில் வீட்டுத் திரையரங்கின் ஸ்பீக்கர்களை இயக்கும் என் ரிசீவர் தானாக அணைந்து, முகப்பில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கத் தொடங்கியது. சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்துக்கு, 90 வாட் என்று பெட்டியில் எழுதியிருந்த ரிசீவர் அது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் 20 முதல் 200 வாட் வரை ஏற்கும் என்று இருந்தது. இரண்டும் பொருந்துகின்றன என்றே நானும் கடைக்காரரும் நினைத்தோம். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை அதன் பிறகு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான் புரிந்துகொண்டேன். அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக அந்தக் கணக்கை முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் வாட்டைப் பற்றி. ரிசீவருக்குள் இருந்து ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையரின் திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். 80 வாட்டுக்கும் 105 வாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 1.2 டெசிபெல்தான், அதைக் காது அரிதாகவே உணரும். ஆகவே ரிசீவரைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டிலிருந்து தொடங்குவதைவிட ஸ்பீக்கரின் உணர்திறனிலிருந்து தொடங்குவதே சரி.

உணர்திறன் என்பது 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலி அளவு. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அலகு. எட்டு ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். நான்கு ஓம் ஸ்பீக்கரில் அதே வோல்ட் இரண்டு வாட்டாகிவிடுகிறது. என் ஸ்பீக்கர் 87 டெசிபெல், நான்கு ஓம். ஒரு வாட்டுக்கு அது தருவது உண்மையில் 84 டெசிபெல்தான். விவரத்தாளில் பொய் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அந்த ஸ்பீக்கர் இருப்பதைவிட எளிதில் இயங்கக்கூடியதாகத் தெரியும்.

அடுத்தது தொலைவு. நான் அமரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. திறந்த வெளியாக இருந்தால் இத்தொலைவில் 11 டெசிபெல் குறையும். சுவர்களின் எதிரொலிப்பும் இரண்டாவது ஸ்பீக்கரும் சேர்ந்து அதில் 4 டெசிபெல் அளவுக்குத் திருப்பித் தருவதாகக் கொண்டால், என் நாற்காலியில் ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 77 டெசிபெல். திரையரங்க அளவுகோலின்படி முதன்மைச் சேனல் ஒவ்வொன்றின் உச்ச ஒலி 105 டெசிபெல்; முறையாக அளவுத்திருத்தம் செய்த ரிசீவரில் ஒலி அளவு 0 என்று காட்டுவது அந்த நிலையைத்தான். நான் வழக்கமாக வைக்கும் -10இல் உச்சம் 95. அதற்கு 18 டெசிபெல் கூடுதலாக, அதாவது ஏறத்தாழ 63 வாட் வேண்டும். அன்று நான் வைத்திருந்தது -5. அங்கே உச்சம் 100 டெசிபெல். தேவை 200 வாட். எட்டு ஓமில் 90 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் அதே வோல்ட்டை நான்கு ஓமிலும் தாங்கிப் பிடித்தால்கூட 180 வாட்டைத் தாண்டாது. ஐந்து டெசிபெல்தான் ஏற்றினேன், ஆனால் தேவை மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது.

தாங்கிப் பிடிக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. ரிசீவரின் ஏழு சேனல்களுக்கும் பொதுவாக ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான் பெரும்பாலும் இருக்கும். பெட்டியில் உள்ள எண்ணோ பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தது. அந்த எண்ணையும் எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். எட்டு ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 விழுக்காடு சிதைவுக்குள் என்று எழுதியிருந்தால் அது நம்பத்தக்க எண். ஆறு ஓமில், 1,000 ஹெர்ட்ஸில் மட்டும், ஒரு சேனலை இயக்கி, 10 விழுக்காடு சிதைவுடன் என்றிருந்தால் அது விளம்பரத்துக்கான எண். இப்படி ஆளுக்கொரு முறையில் அளந்து விற்றதால்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இலேயே ஆம்ப்ளிஃபையர் திறனை எப்படி அளந்து அறிவிக்க வேண்டும் என்று தனி விதி கொண்டுவந்தது.

ஓமில் சொல்லும் அந்தத் தடையான இம்பீடன்ஸ் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் ரிசீவரை அணைத்தது அதுதான். நான்கு ஓம், எட்டு ஓம் என்பவை பெயரளவு மதிப்புகள். உண்மையான மதிப்பு அலைவெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெயரளவு மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சர்வதேசத் தரம் சொல்கிறது, ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. தாழ் ஒலிக்கான வூஃபர்கள் இரண்டு மூன்றைக் கொண்ட ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கரில் இறக்கம் பெரும்பாலும் தாழ் அலைவெண் பகுதியில் வரும். படத்தின் இடியும் வெடியும் அதிக ஆற்றல் கேட்பதும் அங்கேதான். அந்நேரத்தில் ரிசீவரால் கொடுக்க இயலாமல் போவது மின்னோட்டம். ரிசீவரின் மெனுவில் உள்ள நான்கு ஓம் அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். அது உள்ளே வோல்ட்டைக் குறைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. ரிசீவர் அணையவில்லை, ஆனால் உச்சங்களில் ஒலி முன்னதாகவே கரகரத்தது.

அந்தக் கரகரப்பைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையை மீறும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. முழுவதும் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்ச வோல்ட் கொண்ட சைன் அலையைப்போல இரு மடங்கு ஆற்றலைச் சுமக்கும். அதில் பிறக்கும் மேல் அலைவெண்கள் உயர் ஒலிக்கான, மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட ட்வீட்டருக்குப் போய்ச் சேருகின்றன. 200 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு 250 வாட் ஆம்ப்ளிஃபையரை நிதானமாகப் பயன்படுத்துவதைவிட, 50 வாட் ரிசீவரைத் திணறத் திணற ஓட்டுவது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

தீர்வுக்கு முதலில் செலவு தேவைப்படவில்லை. ரிசீவர் என் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று பதிவு செய்திருந்தது. அதை 'ஸ்மால்' என்று மாற்றி, ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழான ஒலி, சொந்த ஆம்ப்ளிஃபையர் கொண்ட சப்வூஃபருக்குப் போனது. ரிசீவரின் சுமை கணிசமாக இறங்கியது. ஆளுயர ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று அறிவிக்க மனம் ஒப்பாதவர்கள் பலர் உண்டு, நானும் தயங்கினேன். அது உருவத்தைப் பற்றிய சொல் அல்ல, தாழ் ஒலியை யார் சுமப்பது என்பதைப் பற்றியது.

பிறகு முன் இரண்டு ஸ்பீக்கர்களுக்காக, நான்கு ஓமில் 350 வாட் தரும் இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிஃபையரை வாங்கி, பெருக்காத ஒலிக் குறிப்பை வெளியே தரும் ரிசீவரின் ப்ரீ-அவுட் வழியாக இணைத்தேன். இப்போது ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் நடு ஸ்பீக்கரையும் பக்க ஸ்பீக்கர்களையும் மட்டும் கவனித்தால் போதும். புதிதாக ரிசீவர் வாங்குபவர்கள் வாட்டைவிட இந்த ப்ரீ-அவுட்டைத் தேட வேண்டும் என்பேன். டெனான் நிறுவனத்தின் ஏவிஆர்-எக்ஸ்1700எச் ரிசீவர் 80 வாட். எக்ஸ்3800எச் 105 வாட். முன்பு சொன்ன அந்த 1.2 டெசிபெல்லுக்காக யாரும் மேல்நிலை மாதிரிக்குப் போக வேண்டியதில்லை. எல்லாச் சேனல்களுக்கும் அதில் ப்ரீ-அவுட் இருப்பதற்காகப் போகலாம். உணர்திறன் 93, 94 டெசிபெல் உள்ள எட்டு ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படாது. என் கூடத்தின் அளவில் 80 வாட் அவர்களுக்குத் தாராளம்.

அணைந்த அதே காட்சியை அதே -5இல் மறுபடி ஓட்டினேன். காட்சி முடிந்ததும் ரிசீவரின் மேல்மூடியில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது.