வரைபடத்துப் பச்சையை நம்பிப் போன கதை

கூரையில் 200 வாட் சோலார், சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி, 20 கேலன் தண்ணீர் டேங்க். கரண்ட், குழாய் எதுவும் இல்லாமல் மூன்று நாள் தாங்கும் அளவுக்கு வேனைத் தயார்செய்து இரண்டு மாதம் ஆகியும், காட்டில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. நிறுத்த இடம் கிடைத்தால்தானே!

யூடியூபில் எல்லாரும் அமெரிக்காவின் மேற்கே யூட்டா, அரிசோனா பக்கம் நினைத்த இடத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டுத் தூங்குகிறார்கள். நாங்கள் சுற்றும் கிழக்கில் அந்த வேலை நடக்காது. இங்கே 1911-ல் வீக்ஸ் சட்டம் வந்த பிறகுதான், மரங்களை வெட்டித் தீர்த்த மலைகளைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கித் தேசிய வனமாக்கினார்கள். விற்க மறுத்தவர்களின் நிலம் நடுநடுவே அப்படியே நிற்கிறது.

முதல் முறை மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கஹேலா வனத்துக்குப் போனபோது இதெல்லாம் தெரியாது. போன் மேப்பில் வனம் என்று பச்சையாக இருந்ததால் நம்பிப் போனேன். மரங்களில் ஊதா நிறக் கோடு. யாரோ வழி அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மாநிலத்தில் அதற்கு 'தனியார் நிலம், நுழையாதே' என்று பொருளாம். பெரியவர் ஒருவர் வந்து தன்மையாகத்தான் சொன்னார். மானம் போனது வேறு விஷயம்.

இரண்டாம் முறை சாலை சரியானதுதான், ஆனால் முடிவில் பூட்டிய கேட். திருப்ப இடமில்லை. அரை மைல் ரிவர்ஸ். மனைவி டார்ச்சோடு பின்னால் நடந்தபடி, "லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல... பள்ளம், பள்ளம்!" இரண்டு பக்கமும் ரோடோடென்ட்ரான் புதர் உரசி, பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று காலி.

மூன்றாம் முறை வீட்டுப்பாடம் செய்தேன். வனத்துறையின் வாகனப் பயன்பாட்டு வரைபடம் இலவசம். எந்தச் சாலையில், எந்த மாதங்களில் வண்டி ஓட்டலாம் என்று அதில் இருக்கும். அதை, இணையம் இல்லாமலும் வரைபடம் காட்டும் அவென்சா செயலியில் முன்கூட்டியே இறக்கிக்கொண்டேன். அந்த வட்டாரம் ரேடியோ தொலைநோக்கிக்காக 1958-ல் அறிவித்த, ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடுள்ள அமைதி மண்டலத்தில் வருவதால் பல இடங்களில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. ஆனால் ஜிபிஎஸ் புள்ளி நகரும். அப்புறம், கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டி, குளிர்காலத்தில் எடுத்ததைத் தேர்ந்தெடுத்தேன். கோடைப் படத்தில் வெறும் கீரைக்கட்டுதான் தெரியும். இலை உதிர்ந்த படத்தில் வண்டி நிறுத்தத் தோதான சாலையோர வெற்றிடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. நாலைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே தங்கலாமா என்று ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

பகல் இரண்டு மணிக்கே அதில் ஒன்றான கேண்டி கிரீக் ஓடையோரம் போய்ச் சேர்ந்தோம். வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். கரி படிந்த கற்கள் வட்டமாக, சரளை இறுகிய தரை, தலைக்கு மேல் தாழ்ந்த கிளை இல்லை. ஓடைச் சத்தம் மட்டும். இரண்டு இரவு, காசு இல்லை.

குறை ஒன்று: மர நிழலில் நடுப்பகலிலேயே சோலார் 18 வாட்தான் காட்டியது. இரண்டாம் நாள் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத் தயிரை முதலில் காலிசெய்தோம். இலை உதிர்ந்ததும் மறுபடி போய் அளக்கவேண்டும். நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம் மான் வேட்டைக்காரர்கள் இடம்பிடித்துவிடுவார்கள் என்பதால் நவம்பர் முதல் வாரமே கிளம்புகிறோம். வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற மேல்சட்டை இரண்டு வாங்கியாயிற்று. கண்ணாடிதான் இன்னும் டேப் ஒட்டியபடி இருக்கிறது.