தன்பாலீர்ப்பாளர்களின் அரசியல் பார்வை: இந்தக் கேள்விக்கு நான் படித்த விதம்

முதுகலை அரசியல் அறிவியலில் வாக்காளர் நடத்தை தாளுக்குப் படித்தபோது நான் அதிக நேரம் செலவிட்ட கேள்வி, கே, லெஸ்பியன் மக்களின் அரசியல் கருத்துகள் எப்படி உருவாகின்றன என்பதுதான். "தங்கள் உரிமைக்குக் குரல் கொடுக்கும் கட்சியை ஆதரிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். தப்பில்லை, ஆனால் பாதி மார்க்கூட வராது.

விடையை வீட்டிலிருந்து தொடங்குங்கள். கட்சிப் பற்று பெற்றோரிடமிருந்து வருகிறது என்பது 1960இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊன்றிவைத்த கருத்து. மதம், இனம் என்றால் அது எளிதாகப் பொருந்தும். பெற்றோரும் பிள்ளையும் ஒரே குழு. தன்பாலீர்ப்பாளருக்கோ பெற்றோர் பெரும்பாலும் அந்தக் குழுவில் இல்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் இவர்களில் பெரும்பான்மையினர் தேர்தலுக்குத் தேர்தல் இடதுபக்கம் சாய்ந்த ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. புதிர் இதுதான். இதை எழுதினாலே விடைக்கு எலும்பு வந்துவிடும்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் இடம்: யாரை எண்ணுகிறோம்? ஓட்டுப் போட்டு வெளியே வருபவரிடம் கருத்துக்கணிப்பாளர்கள் ஒரு தாளை நீட்டுகிறார்கள். வயது, மதம், வருமானம் கேட்கும் வரிகளோடு, நீங்கள் கே, லெஸ்பியனா என்று ஒரு கட்டமும் இருக்கிறது. பக்கத்தில் அப்பா நிற்கும்போது ஒரு இளைஞர் அதில் டிக் அடிப்பாரா? பழமைவாதக் குடும்பத்தில் இருப்பவர் மறைத்தால், கணக்கில் வருவோர் கூடுதலாக இடதுசாரிகளாகத் தெரிவார்கள். ஆகவே தெரியும் வித்தியாசத்தில் ஒரு பகுதி கருத்து மாற்றமே அல்ல, எண்ணும் முறையின் விளைவு.

அப்புறம்தான் அனுபவம். வெளிப்படையாக வாழத் தொடங்கியபின் நட்பு வட்டம் மாறுகிறது, சில சமயம் ஊரும் மாறுகிறது. இதற்கு நான் வைத்த சான்று பிரிட்டன். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் லெஸ்பியன், கே ஆர்வலர்கள் வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களுக்கு நிதி திரட்டினார்கள். 1985இல் லண்டனில் நடந்த பிரைடு என்ற தன்பாலீர்ப்பாளர் பெருமை ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் முன்னால் நடந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் இடதுசாரிக் கட்சியான தொழிற்கட்சியின் மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேற, சுரங்கத் தொழிற்சங்கமும் ஆதரித்தது. 1988இல் பழமைவாதக் கட்சிப் பிரதமர் தாட்சரின் அரசு கொண்டுவந்த 28ஆம் பிரிவு என்ற சட்ட விதி, உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'த் தடை போட்டது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஒருவரின் கட்சிக் கணக்கு, பள்ளிப் பாடத்தைவிட இதனால் தீர்மானமாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

எதிர்ச்சான்று இல்லாமல் முடிக்காதீர்கள். அமெரிக்காவில் லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ் என்ற கே வலதுசாரி அமைப்பு 1970களிலிருந்தே இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தும் ஆலிஸ் வைடல், தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சியின் தலைவர்களில் ஒருவர். வரி, குடியேற்றம், மதம் எல்லாம் பாலின ஈர்ப்போடு மல்லுக்கட்டும் என்பதற்கு இவை போதும்.

லெஸ்பியன்களையும் கே ஆண்களையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். லெஸ்பியன்கள் பலருக்குப் பெண்ணியம் வழியாகவே அரசியல் அறிமுகமானது. இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். சரி, நேரம் பற்றவில்லையா? நியூயார்க்கில் போலீஸ் சோதனையை எதிர்த்து கே, லெஸ்பியன் மக்கள் கிளர்ந்தெழுந்த 1969 ஸ்டோன்வால் கலவரத்தை ஒரே வரியில் முடியுங்கள். அதை விரிவாக எழுதுவது வரலாற்றுத் தாளுக்கான வேலை.