லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை

புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு வழிகாட்ட உட்கார்ந்தால் பேச்சு பொருள், விளம்பரம், போட்டி என்றே ஓடும். அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் ரொக்க வரவு செலவுத் தாளை எடுக்கச் சொல்வது நல்லது.

ஒரு பொருளின் விலை 500, மூலப்பொருளுக்கு 350, மிஞ்சுவது 150 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம் எல்லாம் மாதம் 60,000. மாதம் 400 விற்றால் வரவும் செலவும் சரிக்குச் சரி. 800 விற்றால் 60,000 லாபம். இதுவரை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சரக்குக்குக் கைமேல் பணம் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் 60 நாள் கடன் கேட்கிறார் என்றால்? 800 விற்கிறவருக்கு முதல் வசூல் வருவதற்குள், இரண்டு மாதத்தில் 6,80,000 வெளியே போயிருக்கும். 400 விற்கிறவருக்கு 4,00,000தான். விற்பனை ஏற ஏறப் பணமுடை வருவது இப்படித்தான். வாயால் விளக்கினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வாரத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது என்பதை அவர்களே எண்களைப் போட்டுக் கண்டுபிடித்தால்தான் உறைக்கும்.

தாள் எளிமையானதுதான். வரப்போகும் 13 வாரங்களுக்கு 13 நெடுவரிசைகள், எல்லாம் மதிப்பீடு. மேலே தொடக்க இருப்பு, அடுத்து வரவுகள், பிறகு சம்பளம், வாடகை, சரக்கு, கடன் தவணை, வரி, கடைசியில் வார இறுதி இருப்பு. வாரம் முடிந்ததும் உண்மையான தொகையைப் பக்கத்தில் எழுதி, கடைசியில் ஒரு புது வாரத்தைச் சேர்க்க வேண்டும். பழைய மதிப்பீட்டை அழிக்கக் கூடாது. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. வழக்கமாக மூன்று இடத்தில் தப்பு நடக்கும்: பணம் வரும் தேதிக்குப் பதில் பில் போட்ட தேதியைப் போடுவது, வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைத் தன் பணமாக எண்ணுவது, தன் சம்பளத்தை எழுதாமல் விடுவது. மூன்றாவதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பலர் வீட்டுச் செலவைத் தொழில் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு, அது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம் போதும். தாள் முந்தைய நாளே வந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும். சட்டம், வரி, ஒப்பந்தம் போன்றவற்றில் தெரிந்ததை நேராகச் சொல்லிவிடலாம்; அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது வீண். விலை, வாடிக்கையாளர், கூட்டாளி என்று வந்தால் கேட்பதுதான் சரி. நாளை அந்த முடிவோடு வாழப்போகிறவர் அவர். அவருக்காக வழிகாட்டியே வாடிக்கையாளரிடம் பேசி முடித்தால் ஆர்டர் கிடைக்கும். அடுத்த ஆர்டருக்கும் வழிகாட்டியையே கூப்பிடுவார்கள்.

இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் வாரம் தெரிந்ததும் வழிகள் சில உண்டு: முன்பணம் கேட்பது, வாடிக்கையாளருக்குத் தரும் கடன் கெடுவை 30 நாளாகக் குறைப்பது, சரக்கைச் சிறு சிறு அளவாக வாங்குவது. முன்பணம்தான் கூச்சம் தரும், அதனால் அதை ஒத்திகை பார்க்க வேண்டும். வழிகாட்டி வாடிக்கையாளராக எதிரே உட்காரட்டும். “மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வேண்டும்” என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். பெரும்பாலானோர் நிறுத்த மாட்டார்கள். எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்குள், “முடியாவிட்டால் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தாமே சேர்த்துவிடுவார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் நாக்கிலிருந்து போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டும்.